எட்டுக் கோடுகளுக்குள் அரை யூனிட்

ஹைபிரிட் கார் வாங்கிய புதிதில் பலருக்கும் ஒரு கண் சாலையில், ஒரு கண் பேட்டரித் திரையில். டொயோட்டா பிரியஸ் என்றால் திரையில் எட்டுக் கோடுகள். நெரிசலில் ஊர்ந்து போகும்போது அவை ஒவ்வொன்றாக மறையும். இரண்டு மட்டும் மிஞ்சி, நிறமும் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறினால் வண்டி நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயம் வந்துவிடும். நிற்காது. அதற்குள் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கி, ஜெனரேட்டரைச் சுழற்றிச் சார்ஜ் ஏற்றிவிடும்.

2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸில் 168 நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டு 201.6 வோல்ட் தருகின்றன. வரிசை இணைப்பில் ஓர் ஆபத்து உண்டு. எல்லாச் செல்களும் ஒன்றுபோல் தீர்வதில்லை. பலவீனமான செல் முதலில் காலியாகும். மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்க, அதன் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறிச் செல் கெட்டுப்போகும். அளவுக்கு மேல் ஏற்றினாலோ உள்ளே ஆக்சிஜன் உருவாகும், சூடு ஏறும். ஆகவே கணினி சார்ஜைச் சுமார் 40 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் நடுவிலேயே வைத்திருக்கிறது. எட்டுக் கோடும் நிறைந்தாலும் பேட்டரி முழுதாக நிறைந்துவிடவில்லை. எல்லாம் மறைந்தாலும் அது காலி இல்லை.

பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு, நம் மின்கட்டணக் கணக்கில் சொன்னால், 1.3 யூனிட். புழக்கத்துக்கு விடுவது அதில் ஏறக்குறைய அரை யூனிட். ஒரு தேநீர்க் கோப்பை பெட்ரோலில் இதைவிட அதிக ஆற்றல் இருக்கிறது! ஆட்களோடு 1,400 கிலோ எடையுள்ள வண்டி 140 மீட்டர் உயரம் இறங்கினாலே, இழப்புகளைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த அரை யூனிட் திரும்பக் கிடைத்துவிடும். ஹைபிரிட் கார்கள் நிறைய ஓடும் இலங்கையில், கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்கள் கடுகண்ணாவை இறக்கத்தில் இதைப் பார்க்கலாம்: கோடுகள் விறுவிறுவென ஏறிப் பச்சையாகும். பேட்டரியில் இனி இடமில்லை என்றானதும் எஞ்சின் உறுமத் தொடங்கும். பழுது ஒன்றுமில்லை. மிஞ்சிய ஆற்றலைச் செலவழித்து வண்டியின் வேகத்தைப் பிடிப்பதற்காகக் கணினிதான் அதைச் சுழற்றுகிறது. அப்போது பெட்ரோல் செலவாவதில்லை.

இவ்வளவு சிறிய கையிருப்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிரேக்கிலும் சேர்த்து, ஒவ்வொரு புறப்பாட்டிலும் செலவழித்து, வருடக்கணக்கில் பெட்ரோலை மிச்சப்படுத்துகிறதே, எனக்கு அதுதான் பெரிய வியப்பு. கோடுகள் ஏறி இறங்குவதுதான் அந்த வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். அதை நிமிடத்துக்கு நிமிடம் காவல் காக்க வேண்டியதில்லை. போதாததற்கு, செல்லுக்குள் இருக்கும் சார்ஜை நேரடியாக அளக்கவும் வழியில்லை. மின்னோட்டம், மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றை வைத்துக் கணினி போடும் மதிப்பீடுதான் திரையில் தெரிகிறது.

கவனம் வேறு சில இடங்களில் வேண்டும். நெரிசலில் நியூட்ரலில் போட்டு நிற்காதீர்கள்; அப்போது எஞ்சின் ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது. பின் இருக்கையின் பக்கவாட்டில் பேட்டரிக்குக் குளிர்காற்று போகும் துவாரம் இருக்கிறது. அதைப் பையோ துணியோ மூடக் கூடாது, தூசியும் அடையக் கூடாது. பழைய வண்டியில், சாதாரணச் சமதளச் சாலையிலேயே கோடுகள் சில நிமிடங்களில் உச்சிக்கும் அடிக்குமாகத் தாவினால் செல்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். எச்சரிக்கை விளக்கு எரியும்வரை காத்திருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.