நெருஞ்சி: டயரில் குத்திய முள்ளும் மாமியின் கல்லும்

கடந்த தை மாதம் கல்லடியில் ஒரு மணல் ஒழுங்கைக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். முன்சில்லில் காற்று இல்லை. ஹேண்டிலில் தொங்கிய பை நிறையப் பச்சைச் செடி. மாமிக்குச் சிறுநீரகத்தில் கல். "நெருஞ்சியை வேரோட அவிச்சுக் குடிச்சா கரைஞ்சிடும்" என்று அயலில் யாரோ சொல்லியிருந்தார்கள். பிடுங்கியதைப் பரியாரியார் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்தார். "தம்பி, இது ஆனை நெருஞ்சி. சின்ன நெருஞ்சி உங்கட டயரில இருக்கு."

வாவியின் எழுவான்கரை மணலில் இரண்டும் வளர்கின்றன. சிங்களத்திலும் இரண்டுக்கும் நெரெஞ்சி என்றே பெயர்; பெரியது ‘எத் நெரெஞ்சி’, அதாவது யானை நெருஞ்சி. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. ஆனை நெருஞ்சி எள்ளின் குடும்பம். சதைப்பற்றான இலை, குழல் போன்ற மஞ்சள் பூ. அதன் பச்சை இலையைத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் கொழகொழவென்று ஆகிவிடும். சின்ன நெருஞ்சி தரையோடு படரும். புளியிலை போன்ற சிற்றிலைகள், ஐந்து இதழ்களில் சின்ன மஞ்சள் பூ.

தாவரவியலாளர்கள் ஒரு காலத்தில் இந்தச் சின்ன நெருஞ்சியை ஜெரனியத்தோடு ஒரே வரிசையில் வைத்திருந்தார்கள். இப்போது பிரித்துவிட்டார்கள். ஆனாலும் காய் ஐந்து துண்டாகப் பிரிவது இரண்டுக்கும் பொது. ஜெரனியம் குடும்பத்தின் சில காட்டுப்பூக்களில் ஒவ்வொரு துண்டுக்கும் திருகாணி போல ஒரு வால் உண்டு. ஈரத்தில் அது சுழன்று விதையை மண்ணுக்குள் இறக்கும். நெருஞ்சியிடம் அந்த வித்தை இல்லை. அது முள்ளை நம்புகிறது. ஒவ்வொரு துண்டிலும் இரண்டு பெரிய முட்கள். எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்க்கும். மாட்டின் குளம்போ, பாட்டாவோ, சைக்கிள் டயரோ அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும்.

ஆண்டுக்கொரு செடி இது. மாரி மழையில் முளைத்து, பூத்து, காய்த்து, வெயிலில் காய்ந்துபோகும். விதைகள் சில வருடங்கள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். ஞாயிற்றைப் பார்த்துத் திரும்பும் பூ என்று சங்கப் பாடல்கள் இதைச் சொல்கின்றன. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையாரின் தலைவி, முதலில் இனிமையாக இருந்து பிறகு நோகச் செய்த தலைவனை நெருஞ்சிக்கு ஒப்பிடுகிறாள். பூவாகக் கண்ணுக்கு இனிது, பிறகு முள்.

அமெரிக்காவுக்கும் இது போய்ச் சேர்ந்தது. அங்கே பெரும் களை. கட்டுப்படுத்துவதற்காக 1961ல் இத்தாலியிலிருந்து இரண்டு வகைக் கூன்வண்டுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஒன்று விதையைத் துளைக்கும், மற்றது தண்டைத் துளைக்கும்.

நமக்கோ இது மருந்து. ஆயுர்வேதத்தின் தசமூலத்தில் ஒன்று. சித்த மருத்துவத்தில் நெருஞ்சில் குடிநீர் சலக்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுக்கப்படுகிறது. அந்த அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பரியாரியார் அளவு பார்த்து, ஆளைப் பார்த்துக் கொடுப்பது வேறு. அயலில் கேட்டுப் பானையில் அவித்துக் குடிப்பது வேறு.

ஈரானில் ஆரோக்கியமான ஓர் இளைஞர், கல் வராமல் இருக்கட்டும் என்று நெருஞ்சிச் சாறு குடித்தார். இரண்டே நாளில் வலிப்பு வந்தது. ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டன. 2010ல் சிறுநீரக மருத்துவ இதழ் ஒன்றில் இது பதிவானது. தென்னாபிரிக்காவில் நெருஞ்சியை மேய்ந்த செம்மறிகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டதும் முகம் வீங்கும் நோய் நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. ஒரு நோயாளியை வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் ‘பச்சிலைதானே, என்ன செய்யும்’ என்ற பேச்சு பிழை என்பதற்கு அது போதும்.

கல் எவ்வளவு பெரிது, எங்கே அடைத்திருக்கிறது என்பது ஸ்கேனில்தான் தெரியும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருக்கிறதா என்பது இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். இவை தெரியாமல் எந்தக் கஷாயமும் வேண்டாம். குடித்திருந்தால் கிளினிக்கில் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

மாமியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப நீ பிடுங்கின செடி?" என்றார். வேலியோரம் கொட்டிவிட்டேன் என்றேன். அடுத்த கிழமை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில்தான். சைக்கிள் இன்னும் ஒட்டுப்போடாமல் நிற்கிறது.