சோதனைச்சாலையும் எழுதுகோலும்

கோயமுத்தூரிலிருந்து அவிநாசி ரஸ்தா வழியே செல்பவர்களுக்குப் பீளமேடு என்றதும் பஞ்சாலையும் பம்பு மோட்டாரும் கல்லூரிகளுமே நினைவுக்கு வரும். இலக்கியம் நினைவுக்கு வராது. ஆயினும், உரைநடை எழுதப் பழகுவதற்கு அவ்வூர்க் கல்லூரிகளிலுள்ள ரஸாயனச் சோதனைச்சாலையைப் போன்ற இடம் வேறில்லை என்பது நமது துணிந்த அபிப்பிராயம். தமிழ் வகுப்பு நண்பர்கள் கோபித்துக் கொள்ளலாம். காரணத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு கோபிக்கட்டும்.

விஞ்ஞானப் பட்ட வகுப்பில் சேரும் மாணாக்கன் கையில் பெயர் சொல்லாமல் ஒரு சிட்டிகை உப்பைக் கொடுக்கிறார்கள். அதில் அடங்கியிருப்பது இன்னதென்று அவன் கண்டுபிடித்து ரிக்கார்டு நோட்டில் எழுத வேண்டும். பக்கம் மூன்று பத்திகளாகக் கோடிடப்பட்டிருக்கும்: சோதனை, கண்டது, அனுமானம். நைட்ரிக் அமிலம் சேர்த்த கரைசலில் சில்வர் நைட்ரேட்டை விட்டால் தயிர்க்கட்டி போன்ற வெண்ணிற வீழ்படிவு தோன்றுகிறது. இரண்டாவது பத்தியில் அவ்வளவுதான் எழுதலாம். 'குளோரைடு இருக்கிறது' என்று அங்கே எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை பாய்ந்துவிடும். மூன்றாவது பத்தியிலும் 'இருக்கலாம்' என்பதோடு நிற்க வேண்டும். அந்த வீழ்படிவு அம்மோனியாவில் கரைவதைப் பார்த்த பின்னரே 'இருக்கலாம்' என்பது 'இருக்கிறது' ஆகும்.

'இருக்கலாம்' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் உள்ள தூரத்தை மூன்று வருஷ காலம் நடந்து நடந்து அளந்தவன் பேனாவைப் பிடிக்கும் விதமே வேறு. நாம் கல்லூரிக்குள் நுழைந்தபோது பள்ளிக்கூடத்தில் பரிசுகள் வாங்கித் தந்த நடை நம்மிடம் இருந்தது. மழையைப் பற்றி எழுதினால் மயில் ஆடும். ஆற்றைப் பற்றி எழுதினால் அது சலசலக்கும். நொய்யலில் அந்த வருஷம் தண்ணீர் வந்ததா என்பதை அந்த நடை விசாரித்ததேயில்லை! சோதனைச்சாலையிலோ மயிலுக்கு இடமில்லை. என்ன நிறம், எத்தனை கன சென்டிமீட்டர், சூடாக்கியபோதா, ஆறிய பிறகா என்பவைதாம் கேள்வி. இத்தகைய கேள்விகளுக்கு விடை எழுதி எழுதி நமது வாக்கியங்கள் குட்டையாயின, பெயரடைகள் உதிர்ந்தன, எஞ்சி நின்ற சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது.

ஆனால் அங்கே கற்பனைக்கு அடியோடு தடை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். பேரிய உப்பைச் சுடரில் காட்டினால் 'ஆப்பிள் பச்சை' நிறம் தோன்றும் என்கிறது ஆங்கிலப் புத்தகம். கொங்கு நாட்டுப் பிள்ளைகள் கடைவீதியில் கண்டதெல்லாம் சிவப்பு ஆப்பிள்! தோட்டத்தில் வளர்ந்த நம் வகுப்புத் தோழர் ஒருவர் 'வாழைக் குருத்தின் பச்சை' என்று எழுதினார். ஆசிரியர் ஒரு கணம் யோசித்து, அடிக்காமல் கையெழுத்திட்டார். அந்தத் தோழர் சுடரைத் தம் கண்ணால் பார்த்தார் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்?

சென்னை மாகாணக் கல்லூரியில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த சி. வி. ராமன், எல்லா மாணாக்கர்களும் கையாளும் நிறமாலைமானியில் பட்டகத்தை வைத்துப் பார்க்கையில், ஒளிப்பட்டைகள் இரு பக்கமும் ஒன்றுபோல் இராமையைக் கவனித்தார். புத்தகத்தில் இல்லாததைக் கண்டவர் கண்டபடியே எழுதினார். லண்டனில் வெளியாகும் 'பிலசாபிகல் மாகஸின்' 1906-ஆம் வருஷம் அதைப் பிரசுரித்தபோது அவருக்கு வயது 18. மற்ற மாணவர் கண்ணுக்கும் அப்பட்டைகள் தெரிந்திருக்கக் கூடும். எழுதியவர் ஒருவரே.

இந்தப் பயிற்சி தாய்மொழியில் கிட்டுமாயின் எவ்வளவு நலம்! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் 1860-களிலேயே மேனாட்டு வைத்தியத்தைத் தமிழில் போதித்தார். அவருடைய மாணாக்கர்கள் வைத்திய நூல்களை மொழிபெயர்க்கவும் துணை நின்றார்கள். பீளமேட்டுக்கும் அத்தகைய பெருமை உண்டு. பூ. சா. கோ. பொறியியற் கல்லூரியின் முதல்வராகவும், பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கிய ஜி. ஆர். தாமோதரன், 1940-களின் இறுதியில் 'கலைக்கதிர்' என்னும் விஞ்ஞான மாத இதழைத் தொடங்கியது கோவையில்தான். பல்லிணையையும் மின்னோட்டத்தையும் பற்றித் தமிழில் எழுத முடியுமா என்று பலர் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்த நாளில், அவர் பட்டிமன்றத்துக்குப் போகாமல் அச்சுக்கூடத்துக்குப் போனார்.

இன்றைய நிலைமை மனத்துக்கு உவப்பாயில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் விஞ்ஞானம் பயின்ற பிள்ளை, கல்லூரியின் முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் ரிக்கார்டு எழுத வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு எதிரே நிறம் மாறுகிறது, சொல் வரவில்லை. போன வருஷத்து அண்ணன்மார் நோட்டு கைமாறி வருகிறது. அதைப் பார்த்து எழுதினால் பிழையும் இல்லை, மதிப்பெண்ணும் குறைவதில்லை. இப்போது கேட்ட மாத்திரத்தில் எழுதித் தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. ஆங்கிலம் வராததைப் பற்றி நாம் அவ்வளவாக அஞ்சவில்லை; அது இரண்டு வருஷத்தில் வந்துவிடும். பிறர் கண்டதைத் தான் கண்டதாக எழுதிப் பழகிய பிள்ளை, பிறகு சோதனைக் குழாயைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறான். அது திரும்ப வருவது கஷ்டம்.

ஆகவே நமது பள்ளியில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். ரிக்கார்டு நோட்டின் இடப்பக்கம் கோடில்லாதது. படம் வரைவதற்கென்று விடப்பட்டது. படம் போக மீதியுள்ள இடத்தில், தான் கண்டதைத் தன் சொந்தத் தமிழில் நான்கு வரி, பென்சிலால், அங்கேயே நின்றபடி எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை எழுதாமல் வலப்பக்கத்துக்கு நாம் கையெழுத்திடுவதில்லை. காரீய அயோடைடின் மஞ்சள் வீழ்படிவு வெந்நீரில் கரைந்து, ஆறும்போது பொன் தகடுகளாக மின்னுவதைக் கண்ட ஒரு மாணவி, 'அம்மாவின் பட்டுப் புடவையை வெயிலில் உதறியபோது ஜரிகைத் தூள் பறந்தாற்போல் இருந்தது. குழாயை ஆட்டாமல் வைத்தால் மெல்ல அடியில் இறங்கிற்று' என்று எழுதினாள். முதற் பாதியைவிட இரண்டாம் பாதியே நமக்கு அதிகச் சந்தோஷம் தந்தது.

அந்தப் பெண் இப்போது பீளமேட்டில் பட்ட வகுப்பில் ரஸாயனம் படிக்கிறாள். வலப்பக்கம் ஆங்கிலந்தான். இடப்பக்கத்தில் இன்னும் பென்சிலால் தமிழில் நான்கு வரி எழுதுகிறாளாம். ஆசிரியை பார்த்தும் பாராதவர்போல் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார் என்று கேள்வி.