சுவருக்கு உள்ளே பாருங்கள்!

"இங்கே குப்பை கொட்டாதீர்! மீறினால் அபராதம்!"

அரசுக் கிடங்குகளின் வெளிச்சுவரிலே கொட்டை எழுத்தில் இப்படி எழுதியிருப்பதைக் காண்கிறோம். எழுதட்டும், வேண்டியதுதான். டீக்கடைக்காரர் கழுவிய தண்ணீரைத் தெருக் கால்வாயிலே ஊற்றினால் அதட்டுகிறார்கள். பட்டறைப் பையன் பழைய எஞ்சின் ஆயிலைக் கொட்டினால் அபராதச் சீட்டு நீட்டுகிறார்கள். அதையும் நாம் குறை கூறவில்லை. ஆனால், அந்தச் சுவருக்கு உள்ளே கிடப்பதை எவரேனும் எட்டிப் பார்த்ததுண்டா?

பாருங்கள் தோழர்களே! சாலை போட வந்த தார்ப் பீப்பாய்கள் சாய்ந்து கிடக்கின்றன; வெயிலிலே இளகிய தார் தரையெல்லாம் வழிந்திருக்கிறது. பக்கத்திலே மணல் மேடு, ஜல்லி மேடு. வாய் கிழிந்த சிமெண்டு மூட்டைகள். ஓய்வெடுக்கும் மண்வாரி இயந்திரம். அதன் வயிற்றிலிருந்து சொட்டுச் சொட்டாய் எண்ணெய். பெயிண்டு டப்பா, பிளீச்சிங் பவுடர் மூட்டை, பழைய பாட்டரி! அத்தனையும் மக்கள் பணத்தில், மக்கள் பணிக்காக வாங்கியவை. கேடு செய்யும் எண்ணத்தோடு எவரும் வைக்கவில்லை. வானம் பார்க்கக் கிடக்கின்றன, அவ்வளவுதான். எல்லாக் கிடங்கும் இப்படித்தான் என்று சொல்லமாட்டோம். ஒழுங்காக வைத்திருப்போரும் உண்டு. ஆனால், இப்படி ஒன்றைக் கண்ணால் காணாத தொழிலாளி நம்மில் யார்?

ஐப்பசி பிறக்கிறது. வானம் இருள்கிறது. மழை பொழிகிறது.

அந்த மழைநீர் எங்கே போகிறது? சாக்கடைக்குத்தானே, எங்கேயோ கொண்டுபோய்ச் சுத்தம் செய்துவிடுவார்களே என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அல்ல, அல்ல! சென்னையிலே வழி இரண்டு. வீட்டுக் கழிவு செல்வது பாதாளச் சாக்கடை. அது 1978-இல் அமைந்த குடிநீர், கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவேண்டியது. மழைநீர் வடிகால் வேறு; அது மாநகராட்சியின் பொறுப்பு. அந்த வடிகாலின் முடிவிலே சுத்திகரிப்பு நிலையம் கிடையாது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய், அப்புறம் கடல்! கிடங்குத் தரையிலே சிந்தியது எதுவோ, அது அப்படியே ஆற்றிலே. அதிலும் முதல் மழை இருக்கிறதே, அதுதான் பொல்லாதது. மாதக்கணக்கில் படிந்த எண்ணெயையும் தூசியையும் ஒரே வீச்சில் வாரிக்கொண்டு போவது அதுதான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்போர் எண்ணூருக்குப் போகட்டும். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளிலே மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் புகுந்தது. படகிலே எண்ணெய், வலையிலே எண்ணெய், நாரையின் சிறகிலே எண்ணெய்! வலை வீசிய கைகள் வாளியும் குவளையும் கொண்டு எண்ணெயை மொண்டன. மணலி சுத்திகரிப்பு ஆலை என்ன சொன்னது? எங்கள் குழாய் எதுவும் கசியவில்லை என்றது. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் என்ன கண்டது? ஆலை வளாகத்திலே மழைநீரைக் கையாளும் ஏற்பாடு போதாது, அங்கே தேங்கிய எண்ணெய்தான் வெள்ளத்தோடு வெளியேறியது என்று கண்டது. கவனிக்கவேண்டியது இதுதான்: குழாய் வெடிக்கவேண்டியதில்லை. தரையிலே கிடந்தால் போதும், மற்றதை மழை பார்த்துக்கொள்ளும்!

அது பேராலை, கிடங்கு சிறியது என்பார்கள். சரி, சிறியதையே பார்ப்போம். சிமெண்டுக் கலவை இயந்திரத்தைக் கழுவிய தண்ணீர் சுண்ணாம்பு போன்ற கடுங்காரம். தோலை அரிக்கும், மீனைக் கொல்லும். மணலிலே நஞ்சில்லை, உண்மை. ஆனால் குவியலின் அடியிலே கல் வரம்பு கட்டாவிட்டால் அந்த மணல் வடிகாலை அடைக்கிறது. பிறகு தெருவிலே முழங்கால் தண்ணீர், குடிசைக்குள்ளே இடுப்பளவு.

அமெரிக்க நாட்டிலே இந்தப் பாடத்தைப் படித்த கதை ஒன்று உண்டு. அந்நாட்டின் எல்லாப் போக்கையும் புகழ வந்தவர்களல்ல நாம். ஆனாலும் இதைச் சொல்லவேண்டும். பனி உறைந்த சாலையிலே அவர்கள் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்பை மலைமலையாகத் திறந்தவெளியிலே குவித்த இடங்களில் அது மழையிலே கரைந்து மண்ணுக்குள் இறங்கிற்று; கிணற்று நீர் கரித்தது. வழக்கமான சுத்திகரிப்பு உப்பைப் பிரித்தெடுக்காது. எனவே உப்புக்குக் கூரை கட்டினார்கள். 1972-ஆம் ஆண்டு நீர்த் தூய்மைச் சட்டத்தை 1987-இல் திருத்தி, நகர மழைநீரையும் அதற்குள்ளே கொண்டுவந்தார்கள். 1990-இல் பெருநகரங்களுக்கு விதி வந்தது; 1999-இல் சிறிய நகரங்களுக்கும் வந்தது. அந்த விதியிலே ஆறு கடமைகள். ஆறிலே ஒன்று, ஊரை ஆளும் நிர்வாகமே தன் கிடங்கையும் தன் வண்டிப் பணிமனையையும் மாசு வெளியேறாதபடி வைத்துக்கொள்ளவேண்டும் என்பது. குடிமகனுக்கு மட்டுமல்ல சட்டம், கோட்டைக்கும்தான்! நம் நாட்டிலும் 1974 முதல் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இருக்கிறது!

கோடி கோடியாய்ச் செலவாகுமோ? இல்லை. சிமெண்டுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் ஒரு தகரக் கூரை, தரையிலிருந்து உயர்த்திய பலகை. எண்ணெய்ப் பீப்பாய்க்குக் கீழே சிந்தியதைத் தாங்கும் தொட்டி. மணலுக்கு மூன்று பக்கம் சுவர், மேலே தார்ப்பாய். டீசல் சிந்தினால் குழாயைத் திறந்து கழுவாதே. மரத்தூளைப் போடு, ஊறியதைக் கூட்டி அள்ளித் தனியே வை. வண்டி கழுவும் இடம் வடிகாலுக்கு எட்டத்தில் இருக்கட்டும். இவ்வளவே. இதைச் செய்யவில்லை என்று காவலாளியையும் கூலியாளையும் கடிந்துகொள்வதிலே பொருளில்லை. மரத்தூள் மூட்டை ஒன்று வாங்கிக் கொடுக்காமல், "ஏன் கழுவினாய்?" என்று எப்படிக் கேட்பது?

தூர் வாரும் வேடிக்கையையும் சொல்லாமல் விடமுடியாது. மழைக்கு முன்னே வடிகாலைத் திறக்கிறார்கள், சேற்றை அள்ளுகிறார்கள், எங்கே போடுகிறார்கள்? அதே வடிகாலின் ஓரத்திலே! லாரி நாளை வரும் என்கிறார் ஒப்பந்தக்காரர். லாரிக்கு முன்னே மழை வருகிறது. சேறு வந்த வழியே திரும்புகிறது. அள்ளியதற்குப் பணம் மட்டும் திரும்புவதில்லை.

அந்தச் சேற்றிலே இறங்குகிறவர் யார்? எண்ணெயும் தாரும் சுண்ணாம்பும் கலந்த கரிய நீரிலே மார்பளவு நின்று மண்வெட்டி பிடிப்பவர் யார்? கோப்பிலே கையெழுத்திடுபவரா? நம் வீட்டுப் பிள்ளை! பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்ச் சாக்கடையிலே ஆளை இறக்கக்கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. மழைநீர் வடிகாலிலே இறங்குகிறவனின் தோல் மட்டும் இரும்பாலானதா?

எனவே வட்டத்துத் தோழர்கள் ஒரு காரியம் செய்யவேண்டும். ஐப்பசிக்கு முன்னே மாமன்ற உறுப்பினரை, அவர் நம்மவராயினும் சரி, மாற்றாராயினும் சரி, அழைத்துக்கொண்டு உங்கள் பகுதிக் கிடங்குக்குச் செல்லுங்கள். சிமெண்டுக்குக் கூரை உண்டா? எண்ணெய்க்குத் தொட்டி உண்டா? இந்தத் தரையின் தண்ணீர் எந்த வடிகாலிலே விழுகிறது? அள்ளிய சேற்றை ஏற்றும் லாரி எந்தத் தேதியில் வரும்? பதிலை எழுதி வாங்குங்கள்.