தெரிந்தவருக்குத் தெரிந்தவர்

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டியுள்ள ஊர் நியூட்டன். புதிதாக வேலை மாறிய அலுவலர்களை அங்கே தேடிப்பிடித்துப் பேசினார் சமூகவியல் ஆய்வு மாணவர் மார்க் கிரானோவெட்டர். வேலை காலியிருப்பதைச் சொன்னது நண்பரா என்று கேட்டபோது, பலர் அவரைத் திருத்தினார்கள். நண்பரெல்லாம் இல்லை, தெரிந்தவர், அவ்வளவுதான்.

நேரில் பேசியவர்களில் 54 பேருக்கு ஆள் மூலமாக வேலை கிடைத்திருந்தது. அந்த ஆளை வாரம் இரண்டு முறையாவது பார்த்து வந்தவர்கள் வெறும் 9 பேர். எப்போதாவது பார்த்தவர்கள் 30 பேர். மீதி 15 பேர் வருடத்துக்கு ஒருமுறை பார்த்திருந்தாலே அதிகம்.

உயிர் நண்பர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர்கள் மேல் குற்றமில்லை. நெருங்கியவர்கள் ஒரே வட்டத்தில் சுற்றுகிறார்கள். நண்பனுக்குத் தெரிந்த சேதி ஏற்கெனவே நமக்கும் வந்திருக்கும். அரைகுறையாகத் தெரிந்தவரோ வேறொரு வட்டத்து ஆள். அங்கே காலியாகும் நாற்காலி அவர் கண்ணில்தான் படும். 1973இல் கிரானோவெட்டர் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 2022இல் லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தின் இரண்டு கோடி பயனர்களை வைத்து நடந்த ஆய்வு அதில் ஒரு திருத்தம் செய்தது: ஓரளவு மெலிந்த பழக்கமே அதிகம் உதவுகிறது, மிக மிக மெலிந்த பழக்கம் அல்ல.

கலகலப்பானவர்கள் முந்திக்கொள்வது இங்கேதான். உளவியலாளர்கள் மனிதக் குணத்தை அளக்கும் ஐந்து பண்புகளில் இந்தக் கலகலப்பும் ஒன்று. பொறுப்புணர்வு, இணக்கம், பதற்றம், புதியதை நாடும் மனம் ஆகியவை மற்ற நான்கு. கலகலப்பானவரின் பலம் பேச்சுத் திறமை என்றே நினைக்கிறோம். எனக்கென்னவோ, போகிற இடமெல்லாம் நாலு பேரோடு இரண்டு வார்த்தை பேசிவைக்கும் பழக்கம்தான் என்று தோன்றுகிறது. கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் உயிரைக் கொடுக்கும் நண்பர்கள் இருப்பார்கள். ஆனால் அவர்களிடம் புதுச் சேதி இருக்காது.

வேலைக்குள் நுழைந்த பிறகு கதை மாறுகிறது. 117 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள் பாரிக்கும் மவுன்ட்டும் 1991இல் சொன்னது இது: எந்த வகை வேலையானாலும் ஒருவர் நன்றாகச் செய்வார் என்பதை முன்கூட்டிக் காட்டும் பண்பு பொறுப்புணர்வுதான். கலகலப்பு உதவுவது மேலாளருக்கும் விற்பனையாளருக்கும். சிக்கல் என்னவென்றால், அரைமணி நேர நேர்காணலில் கலகலப்பு பளிச்சென்று தெரிந்துவிடும். சொன்ன நாளில் சொன்னதை முடிக்கும் குணம் தெரியாது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்காணலை ஆய்வாளர்கள் வலியுறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

விற்பனையிலும் வாய்ப்பேச்சுக்கு எல்லை உண்டு. ஒரு கால் சென்டரின் 340 விற்பனையாளர்களை ஆராய்ந்து உளவியலாளர் ஆடம் கிராண்ட் 2013இல் வெளியிட்ட கட்டுரையில், அதிகம் விற்றவர்கள் கலகலப்பில் நடுவாந்தரமாக இருந்தவர்கள். ரொம்பப் பேசுகிறவருக்கு வாடிக்கையாளர் சொல்வது காதில் விழாமல் போகலாம் என்பது அவர் தரும் விளக்கங்களில் ஒன்று.