எத்தனையாவது கட்டையில் நிற்கிறாய்?

தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது. சீனியர் அண்ணன் ஒருவரின் பழைய காரில் நான்கு பேர் கோலாலம்பூரிலிருந்து வடக்கே புறப்பட்டோம். சிலிம் ரீவரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போயிருப்போம், என்ஜினிலிருந்து புகை கிளம்பியது. இரவு மணி பதினொன்றரை. காரை அவசரத் தடத்தில் ஒதுக்கிவிட்டு, தடுப்புக் கம்பிக்கு அப்பால் புல்மேட்டில் ஏறி நின்றோம். லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது கார் ஒருமுறை ஆடி அடங்கியது. அண்ணன் நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைத்தார். மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி: "கே.எம். பெராப்பா?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. சற்று முன் கடந்து வந்த பச்சைப் பலகையில் ஈப்போவுக்கு நேரே எண்பது சொச்சம் என்று இருந்ததைப் பார்த்திருந்தார். அந்த எண்ணையே சொன்னார். மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "குருண் பக்கமா, மாச்சாப் பக்கமா?" என்று கேட்டார்கள். குருண் கெடாவில் இருக்கிறது. மாச்சாப் ஜொகூரில். நாங்கள் நின்றதோ பேராக்கில்! விளக்கம் சொல்வதற்குள் அண்ணனின் கைப்பேசி மின்கலம் தீர்ந்து அணைந்துவிட்டது.

அந்த மறுமுனைக் குரல் மேல் அப்போது எனக்குக் கோபம். பிறகுதான் தெரிந்தது, தவறு முழுக்க எங்களுடையது. அவர்கள் கேட்டது ஒன்று, நாங்கள் சொன்னது வேறொன்று.

வடக்குத் தெற்கு நெடுஞ்சாலையில் ஓடும் எண்கள் மூன்று வகை. மூன்றும் மூன்று இடங்களிலிருந்து எண்ணப்படுகின்றன. இதை அறியாமலேயே நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் அந்தச் சாலையில் ஊருக்குப் போய் வருகிறோம்.

முதலாவது, பெரிய பச்சைப் பலகையில் ஊர்ப்பெயருக்கு எதிரே இருக்கும் தூரம். இது போகும் ஊரிலிருந்து எண்ணப்படுவது. ஈப்போவை நெருங்க நெருங்கக் குறையும். வெளியேறும் வழிக்கான தூரம் அன்று இது, நகரத்துக்கான தூரம். ஈப்போவுக்குத் தெற்கில் ஒன்று, வடக்கில் ஒன்று என வெளியேறும் வழிகள் உண்டு. நகரத்துக்கு ஓர் எண்தானே எழுத முடியும்? வெளியேறும் வழிக்கென்று 1 கிலோமீட்டர், 500 மீட்டர் என்று தனிப் பலகைகள் பின்னர் வரும்.

இரண்டாவது, கிலோமீட்டர் எண். இதுதான் அன்றிரவு எங்களிடம் கேட்கப்பட்டது. சாலையை ஒட்டிச் சிறு பலகைகளில் 100 மீட்டருக்கு ஒன்றாக இருக்கும். செய்தித்தாளில் விபத்துச் செய்தி படிக்கும்போது புள்ளி வைத்து எழுதியிருப்பார்களே, அந்த எண். இதற்கும் நீங்கள் போகும் ஊருக்கும் சம்பந்தம் கிடையாது. சாலை தொடங்கும் இடத்திலிருந்து நீங்கள் நிற்கும் இடம்வரை உள்ள தொலைவு அது.

இங்கேதான் வேடிக்கை. 1994 செப்டம்பர் 8-ஆம் நாள் அதிகாரப்பூர்வமாகத் திறக்கப்பட்ட இந்த நெடுஞ்சாலையை நாம் ஒரே சாலை என்று நினைக்கிறோம். எண்ணிக்கையில் அது இரண்டு சாலை. வடக்குப் பகுதி ஈ1. அதன் பூஜ்யம் தாய்லாந்து எல்லையை ஒட்டிய புக்கிட் காயு ஹீத்தாமில் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்க இறங்க எண் ஏறும். தாப்பா ஓய்விடத்தில் 330-ஐத் தாண்டிவிடும். புக்கிட் லஞ்சானை அடையும்போது ஏறக்குறைய 460. தெற்குப் பகுதி ஈ2. அதன் பூஜ்யம் ஜொகூர் பாருவில். அங்கிருந்து வடக்கே போகப் போக எண் ஏறும். மாச்சாப் ஓய்விடம் 80-ஐ ஒட்டி, பாகோ 160-ஐ ஒட்டி, சாலைக்கு மேலே பாலம்போல் கட்டிய ஆயர் குரோ உணவகம் 209-இல். ஆக, நாட்டின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு எண்ணிக்கைகள் தலைநகரை நோக்கி வளர்ந்து வருகின்றன.

ஆகவே ஒரே எண் இரண்டு இடங்களில் இருக்கும். 209 என்றால் மலாக்காவில் ஆயர் குரோ. பேராக்கில் தைப்பிங் வட்டாரத்திலும் ஒரு 209 உண்டு. எண்பது சொச்சம் என்றதும் குருணா மாச்சாப்பா என்று கேட்டது இதனால்தான். எண்ணோடு வடக்கு நோக்கியா தெற்கு நோக்கியா என்பதையும் சொல்ல வேண்டும். நடுத்தடுப்புக்கு மறுபக்கம் வந்து சேரும் உதவி வண்டி, அடுத்த வெளியேறும் வழிவரை போய்த் திரும்பித்தான் வரமுடியும்.

மூன்றாவது, வெளியேறும் வழியின் எண். தாப்பா 132. ஆயர் குரோ 231. வடக்குப் பகுதியில் 1-இல் தொடங்கும், தெற்குப் பகுதியில் 2-இல் தொடங்கும். இந்த எண்கள் தலைநகரிலிருந்து விலகிப் போகப் போக ஏறுகின்றன. கிலோமீட்டர் எண்ணோ அதே திசையில் இறங்குகிறது. எங்கள் காரிலிருந்த நான்கு பேரும் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். ஒருவருக்கும் இது தெரியாது.

ஊர்ப்பெயர்களைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. நெடுந்தூரம் போகிறவருக்கு வழி தவறாதிருக்கப் பெரிய நகரம் ஒன்றின் பெயர் பலகைக்குப் பலகை தொடர்ந்து வரவேண்டும். அதனால்தான் வடக்கே போகும்போது ஈப்போ ஈப்போ என்று கூடவே வருகிறது. சிறிய ஊர்கள் கிட்டே வந்தால்தான் தலைகாட்டும். மலாக்காவின் பெயர் பலகையில் வரும், ஆனால் அதற்காக இறங்கும் இடத்தின் பெயர் ஆயர் குரோ. தாப்பாவில் இறங்கச் சொல்லும் பலகையில் கேமரன் மலையின் பெயரும் சேர்ந்திருக்கும். கேமரன் மலை பகாங் மாநிலத்தில் இருக்கிறது, இறங்குவது பேராக்கில். மாநில எல்லையைவிட மலைக்கு ஏறும் சாலைதான் இங்கே முக்கியம். பீடோரை அடுத்த எங்கள் தோட்டத்தின் பெயர் எந்தப் பலகையிலும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் யாராவது கேட்டால் "பீடோர்" என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அன்றிரவு மிச்சத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கைப்பேசியில் வீட்டுக்கு அழைத்தேன். செம்பனைப் பழ லாரி ஓட்டும் அப்பாதான் எடுத்தார். "எங்கடா நிக்கிறீங்க?" என்றார். "ஈப்போவுக்கு எண்பது சொச்சம் கிலோமீட்டர்பா" என்றேன் மறுபடியும். பின்னாலிருந்து பாட்டியின் குரல் கேட்டது: "எத்தனாவது கட்டையிலே நிக்கிறான்னு கேளுப்பா!"

பாட்டி காலத்தில் சாலையோரம் மைல்கல் இருந்தது. தமிழர்கள் அதைக் கட்டை என்றார்கள். மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்பதே முகவரி. மலாயில் பத்து என்றாலும் கல்தான். மைல் போய்க் கிலோமீட்டர் வந்த பிறகும் உலு லங்காட்டில் பத்து 14 என்ற இடப்பெயர் நிலைத்திருக்கிறது. கட்டை என்பது போகும் ஊரைச் சொல்வதில்லை, நிற்கும் இடத்தைச் சொல்வது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி கேட்டதும், உதவி நிலையத்தில் கேட்டதும் ஒரே கேள்வி.

"பச்சைப் பலகையை விடுடா. கம்பியோரமா நடந்து போய்ச் சின்னப் பலகை எதுனா இருக்கா பாரு. ரோட்டுக்குள்ள காலை வைக்காத" என்றார் அப்பா. கைப்பேசி வெளிச்சத்தில் முப்பது நாற்பது அடி நடந்ததும் கிடைத்தது. முந்நூற்று அறுபது சொச்சம், ஒரு புள்ளி, அதன்பின் ஓர் எண். உதவி எண்ணுக்கு மறுபடியும் அழைத்து அதைப் படித்தேன். வடக்கு நோக்கி என்றும் சொன்னேன். இந்த முறை அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. "துங்கு செபெந்தார்" என்றார்கள். இருபது நிமிடத்தில் சுழல்விளக்கோடு வண்டி வந்து நின்றது.

வீடு சேர்ந்தபோது விடியற்காலை மூன்று மணி. பாட்டி தூங்காமல் இருந்தார். முறுக்கு டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு முதலில் கேட்டது, "சரி, எத்தனாவது கட்டை?"