விப்பிள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்படக்கூடிய சிக்கல்கள்

விப்பிள் அறுவைச் சிகிச்சையில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவை அகற்றப்படுகின்றன. எஞ்சிய கணையம், பித்தநாளம், இரைப்பை ஆகிய மூன்றும் சிறுகுடலுடன் தனித்தனியே இணைக்கப்படுகின்றன. சிக்கல்களுள் பல இந்த இணைப்புகளைச் சார்ந்தே எழுகின்றன.

கணைய நீர்க் கசிவு
கணையம் மென்மையான உறுப்பு. தையலிட்ட இடம் ஆறுவதற்குள் செரிமான நீர் வெளியே கசியலாம். இதனைக் கண்டறியவே வயிற்றில் வடிகுழாய் வைக்கப்பட்டு, வடியும் நீரில் அமைலேஸ் அளவு சோதிக்கப்படுகிறது. குழாய் கூடுதல் நாள்கள் இருப்பதனாலேயே அச்சம் கொள்ள வேண்டியதில்லை. பல கசிவுகள் மறு அறுவையின்றியே அடைபடுகின்றன.

இரைப்பை மெதுவாக இயங்குதல்
உண்டது இறங்காமல் வயிறு நிறைந்த உணர்வும் வாந்தியும் தோன்றலாம். இது பெரும்பாலும் சில நாள்களில் அல்லது வாரங்களில் சீராகும். உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள்.

இரத்தப்போக்கு
மிகுந்த கவனம் தேவைப்படுவது இதுவே. கசிந்த கணைய நீர் அருகிலுள்ள தமனியை அரித்துவிடக்கூடும். வீடு திரும்பிய பின்னரும் இது நேரிடலாம். பெரும் இரத்தப்போக்கிற்கு முன்னர், வடிகுழாயிலோ வாந்தியிலோ சிறிதளவு இரத்தம் தோன்றித் தானே நின்றுவிடுவதுண்டு. மலம் கறுத்தும் போகலாம். நின்றுவிட்டதே என்று காத்திருக்காதீர்கள். அது ஓர் எச்சரிக்கை.

செரிமானக் குறைவும் சர்க்கரை நோயும்
மலம் எண்ணெய்ப் பசையுடன் மிதப்பதும் எடை குறைவதும் செரிமான நொதிகள் போதாமையைக் காட்டும். மருத்துவர் பரிந்துரைக்கும் நொதி மாத்திரைகளை வெறும் வயிற்றில் அல்லாமல், உணவோடு சேர்த்தே உட்கொள்ள வேண்டும். கொழுப்பையும் புரதத்தையும் அறவே நிறுத்திக் கஞ்சி மட்டும் கொடுத்தால் உடல் மேலும் மெலியும். இன்சுலின் சுரப்பு குறைந்து சர்க்கரை நோய் புதிதாகத் தோன்றலாம் என்பதால் இரத்தச் சர்க்கரையைத் தவறாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்
• எந்த அளவிலான இரத்தக் கசிவும், கறுத்த மலமும்
• 100.4 டிகிரி பாரன்ஹீட்டிற்கு மேற்பட்ட காய்ச்சல், குளிர் நடுக்கம்
• கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி
• கண்கள் மஞ்சளாதல்
• காயத்திலிருந்து சீழ் அல்லது துர்நாற்றம்

இரத்தப்போக்கோ மயக்கமோ இருப்பின் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். மருத்துவமனையில் கொடுத்த விடுவிப்புச் சுருக்கத்தை மறவாமல் உடன் கொண்டுவாருங்கள். செய்யப்பட்ட அறுவை எது என்பதை அறிந்தால், பணியிலுள்ள மருத்துவர் காலம் தாழ்த்தாமல் சிகிச்சையைத் தொடங்க இயலும்.