காகிதம் விற்கும் இரு தேசங்கள்

கந்தைத் துணியினின்று காகிதஞ் செய்துவந்த உலகிற்கு, மரத்தை அரைத்துக் கூழாக்கியும் அதனைச் செய்யலாமென்பது 1844-ஆம் ஆண்டளவில் இருவரால் தனித்தனியே காட்டப்பெற்றது. ஒருவர் ஜெர்மானியராகிய கெல்லர். மற்றவர், இன்று கானடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பெனெர்ட்டி. அதன்பின் காடுடைய தேசங்களுக்கு நற்காலம் பிறந்தது. அவற்றுள் கானடாவும் பின்லாந்தும் ஒரே சரக்கை விற்கப் புகுந்து வெவ்வேறு வழியே சென்றன. இதற்கு முதற் காரணம் மரமன்று; மரத்தின் பயனை வாங்குவோரே.

கானடாவுக்கு அண்டையிலேயே பெருங் கொள்வோர் இருந்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தினசரிகள் மென்மேலும் பெருத்துக் காகிதத்திற்கு ஏங்கி நின்ற காலம் அது. அவர்கள் முதலில் விரும்பியது காகிதமன்று, வெட்டிய மரமே. இதையறிந்த மாகாண அரசாங்கங்கள், சர்க்கார் காட்டு மரம் உள்நாட்டிலே கூழாகவேனும் காகிதமாகவேனும் ஆனாலன்றி எல்லை கடத்தலாகாதென விதித்தன. ஒன்டாரியோ முந்தியது, கியூபெக் 1910-ல் பின்பற்றியது. அமெரிக்கரோ 1913-ல் பத்திரிகைக் காகிதத்தின்மீதிருந்த தீர்வையை நீக்கினர். ஆலைகள் ஆற்றங்கரைகள்தோறும் எழுந்தன. 1926-ல் பத்திரிகைக் காகித உற்பத்தியில் கானடா அமெரிக்காவையே விஞ்சிற்று. ஆயின் அளவு மிஞ்சிய ஆலைகளால் விலை சரிந்தது. அபிட்டிபி என்னும் பெருங் கம்பெனி 1932-ல் ரிசீவர் வசமாயிற்று.

பின்லாந்தின் கதை வேறு. 1917 வரை ருஷியப் பேரரசிற்குட்பட்டிருந்த அந்நாட்டின் காகிதத்திற்கு ருஷியாவே சந்தை. புரட்சியால் அச்சந்தை ஒரே வீச்சில் அடைபட்டது. நொந்திருக்க நேரமில்லை. 1918-ல் ஆலைக்காரர் ஒரு விற்பனைச் சங்கம் கூட்டி, இங்கிலாந்து முதலிய மேல்நாடுகளில் வாசல் தோறும் சென்று விற்கலாயினர். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாடு 1995-ல் சேர்ந்தபின் 1996-ல் அச்சங்கம் கலைந்தது. காகிதத்தோடு அட்டையும் அங்குப் பழந்தொழில்: 1872-ல் தோன்றிய வேர்லா ஆலை 1964 வரை அட்டை செய்தது; இன்று அது உலகப் பாரம்பரியச் சின்னம். கைப்பேசியாற் புகழ்பெற்ற நோக்கியாவும் 1865-ல் கூழாலையாகவே பிறந்ததென்பது நம்மிற் பலர் அறியாதது!

செய்தி திரைக்குச் சென்ற இந்நூற்றாண்டில் இரு நாடுகளும் அடிபட்டன. நியூபவுண்ட்லாந்தில் 1909-ல் திறந்த கிராண்ட் பால்ஸ் ஆலை, ஏறக்குறைய நூறாண்டு நடந்து 2009-ல் மூடப்பட்டது. ஆலையை நம்பிப் பிறந்த ஊர் ஆலையின்றி நின்றது. 2018-ல் அமெரிக்க அரசாங்கம் கானடாக் காகிதத்தின்மேல் தீர்வை விதித்தபோது, அதனை மிகுதியும் எதிர்த்தவை அமெரிக்கப் பத்திரிகைகளே. சில மாதங்களில் அது நீங்கிற்று. எனினும் ஒரே கொள்வோனை நம்பியிருத்தலின் இடர் அப்போது நன்கு புலனாயிற்று.

பின்லாந்திலும் கைப்போலா ஆலை 2020-ல் மூடும் முடிவைப் பெற, நாட்டின் பத்திரிகைக் காகிதத் தொழில் முற்றுப்பெற்றது. ஆனால் பத்திரிகையை விட்ட மக்கள் சாமான்களைப் பெட்டியிற் பெறுவது பெருகிற்றன்றோ? அதைக் கணித்த ஸ்டோரா என்ஸோ கம்பெனி, ஊலு நகரத்துக் காகித இயந்திரங்களுள் ஒன்றை 2021-லும் மற்றொன்றை 2025-லும் அட்டை செய்ய மாற்றிவிட்டது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. மரத்தில் ஒரு பகுதி, விசேஷமாக பிர்ச்சு மரம், ருஷியாவினின்று வந்துகொண்டிருந்தது; உக்ரேன் போரால் 2022-ல் அவ்வரவு நின்றது. அதுமுதல் பின்லாந்து ஆலைகள் உள்நாட்டு மரத்திற்கே ஒன்றோடொன்று போட்டியிட, மரவிலை மிகவும் ஏறிற்று.